இயந்திரம் ஏன் கிளம்பவில்லை?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. சாலைகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன.

மாணவ நண்பர்களே, இத்தகைய நாளில் ஓர் ஊருக்கு முதலில் வேண்டியது எது? அரிசி வர வேண்டும். குடிநீர் வர வேண்டும். நோயாளியை ஏற்றிய வண்டி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் இவை அனைத்துக்கும் முன்பாகச் சாலையில் கிடக்கும் மரம் அகல வேண்டும். இருவர் மாறி மாறிக் கைரம்பத்தால் நெடுநேரம் அறுக்க வேண்டிய மரத்தைப் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் சில நிமிடங்களில் துண்டாக்கிவிடும்.

அந்தச் சங்கிலி ரம்பம் சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குப் பின் கொட்டகை மூலையிலேயே கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். எடுத்து வந்து கயிற்றை இழுக்கிறார்கள். கிளம்பவில்லை. மீண்டும் இழுக்கிறார்கள். "பெட்ரோல் சரியில்லை" என்கிறார் ஒருவர். "பிளக்கை மாற்று" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் திருகுகளை இப்படியும் அப்படியும் திருப்புகிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், முன்பு இருந்த ஒரு குறையோடு புதிதாக இரண்டு குறைகள் சேர்ந்திருக்கும்.

இக்கட்டுரை அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது. கிளம்பாத இயந்திரத்தின் குறையைக் கண்டுபிடிக்கத் தனித் திறமையோ கைராசியோ தேவையில்லை. சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டால் போதும். ஒவ்வொரு கேள்வியின் பின்னாலும் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல் விதி ஒன்று நிற்பதையும் காண்பீர்கள்.

ஓர் எச்சரிக்கை: சங்கிலி ரம்பம் மிக ஆபத்தான கருவி. அதைக் கழற்றுவதும் இயக்குவதும் பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை. நீங்கள் அருகில் நின்று கேள்விகள் கேட்கலாம். இழுக்கும் கயிற்றைத் தொட வேண்டாம்.

நான்கு தேவைகள்

சங்கிலி ரம்பத்தில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட இரு வீச்சு எஞ்சின். பட்டறையில் இதை டூ ஸ்ட்ரோக் என்பார்கள். பயிருக்கு மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர்கள் பலவற்றிலும், ஒரு காலத்தில் நம் சாலைகளில் புகை கக்கிக்கொண்டு ஓடிய மொபெட்டுகளிலும் இருந்தது இவ்வகை எஞ்சின்தான்.

இதில் பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பிஸ்டனுக்கு மேலுள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை இறுக்கப்படுகிறது. பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைவதால் புதிய கலவை அங்கே உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் தீப்பொறி தோன்றுகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகைவாயில் திறக்கிறது. அடுத்து, கிராங்க் அறையில் காத்திருந்த புதிய கலவை மேலே பாய்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி; ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உந்தல்.

ஆகவே எஞ்சின் கிளம்ப வேண்டுமானால் நான்கு தேவைகள் நிறைவேற வேண்டும்:

1. உரிய அளவு எரிபொருள்.
2. உரிய அளவு காற்று.
3. உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி.
4. கலவையை நன்கு இறுக்கும் சிலிண்டர். பட்டறையில் இதைத்தான் 'கம்ப்ரஷன்' என்கிறார்கள்.

இந்த நான்கும் இருந்தால் எஞ்சின் கிளம்பியே தீரும். இயந்திரத்துக்குப் பிடிவாதம் என்பது கிடையாது. கிளம்பவில்லை என்றால் நான்கில் ஏதோ ஒன்று இல்லை என்று பொருள். எது இல்லை என்பதே நம் கேள்வி.

பத்தில் ஒரு பங்குத் துளி

'உரிய அளவு' என்றோமே, அது எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஒரு சங்கிலி ரம்பத்தின் சிலிண்டர் கொள்ளளவு 50 கன செ.மீ. என்று கொள்வோம். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். ஆகவே 50 கன செ.மீ. காற்றின் எடை 0.06 கிராம். இதற்குத் தேவையான பெட்ரோல் 0.06-ஐ 15-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 0.004 கிராம்; வேறு விதமாகச் சொன்னால் 4 மில்லிகிராம். சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு துளி நீரின் எடை சுமார் 50 மில்லிகிராம். எனவே ஒரு சுற்றுக்கு எஞ்சின் கேட்கும் பெட்ரோல், ஒரு துளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அதிலும் காற்றில் பெட்ரோல் ஆவி, கன அளவில் ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் தீப்பற்றும். குறைந்தாலும் எரியாது, மிகுந்தாலும் எரியாது. "பெட்ரோல் நிறையப் போனால் நன்றாகக் கிளம்பும்" என்று எண்ணுவது தவறு என்பது இதனால் விளங்கும். சில துளிகள் அதிகமானாலே எஞ்சின் மூழ்கிப் போகும். மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது' என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

எதையும் கழற்றுமுன்

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும் என்பது குறை காண்பதில் முதல் விதி.

சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? சிரிக்காதீர்கள். இந்த எஞ்சினில் பேட்டரி கிடையாது. நிறுத்தும் சுவிட்சைப் போட்டால், தீப்பொறிக்கான மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எஞ்சினின் உலோக உடலுக்குக் குறுக்கு வழியில் திருப்பிவிடப்படுகிறது. சுவிட்ச் நிறுத்த நிலையில் இருந்தால் நாள் முழுவதும் இழுத்தாலும் பொறி வராது. சுவிட்சின் கம்பி உரிந்து எஞ்சின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதிதான்.

தொட்டியில் இருப்பது என்ன, எத்தனை நாளானது? பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினில் முதல் தீயை மூட்டுவது. நாட்கள் செல்லச் செல்ல அந்தப் பகுதியே முதலில் பறந்துபோகிறது. எஞ்சிய பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து பிசின்போல் தடிக்கிறது. எண்ணெய் கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் நம் நாடு பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை எட்டியது. எத்தனால் நீரை விரும்பும் பொருள். ஈரக் காற்றிலிருந்தும் நீரை ஏற்றுக்கொள்ளும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்துவிடும். பெட்ரோலின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.74 கிராம். எத்தனாலும் நீரும் சேர்ந்த திரவம் அதைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். எரிபொருளை உறிஞ்சும் வடிகட்டியோ, ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும் திரவத்துக்குள் இருக்கும்படி எடை வைத்துத் தொட்டியின் அடியில் கிடக்கிறது. எஞ்சினுக்குக் கிடைப்பது எந்தத் திரவம் என்று நீங்களே சொல்லிவிடலாம். பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்திருப்பது தெரியும். அப்படிப் பிரிந்த பெட்ரோலை நீக்கிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும்.

சோக் எப்படி இருக்கிறது? குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் குறைவாகவே ஆவியாகும். சோக்கை மூடினால் காற்றின் வழி அடைபட்டு, உறிஞ்சும் இழுப்பு முழுவதும் பெட்ரோல் துளையின் மேல் விழுகிறது, கலவை கெட்டியாகிறது. சில முறை இழுத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் தீ பற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி. உடனே சோக்கைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும். அந்த ஒரு சத்தத்தைக் கவனிக்காமல் சோக் மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் எஞ்சின் மூழ்கிவிடும். நல்ல எஞ்சின்கள் பல 'கிளம்பாத எஞ்சின்' என்று பெயர் வாங்குவது இப்படித்தான்.

பிளக் தரும் சாட்சியம்

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் கிளம்பவில்லை. இப்போதுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். எட்டு, பத்து முறை இழுத்த பிறகு கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா?

இந்தக் கேள்வியின் அருமையை ஒரு கணக்கால் விளக்கலாம். குறை இருக்கக்கூடிய இடங்கள் 16 என்று கொள்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 15 சோதனைகள்வரை தேவைப்படலாம். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் பாதி இடங்களை நீக்கிவிடுமானால் 16, 8, 4, 2, 1 என்று நான்கே கேள்விகளில் குறை சிக்கிவிடும். நல்ல சோதனை என்பது, விடை எதுவானாலும் சந்தேகத்தில் பாதியைக் குறைப்பதாகும். நனைந்த பிளக்கா உலர்ந்த பிளக்கா என்பது அத்தகைய சோதனை. உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வழி பெரும்பாலும் சரி. தீப்பொறியையோ, மூழ்கலையோ, இறுக்கத்தையோ பார்க்க வேண்டும்.

பிளக் உலர்ந்திருந்தால்

பெட்ரோல் வரும் வழியில் நடந்து பார்ப்போம்: தொட்டி, வடிகட்டி, ரப்பர்க் குழாய், கார்புரேட்டர். வடிகட்டி அடைத்திருக்கலாம். பழைய ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், பெட்ரோலுக்குப் பதில் காற்றே உறிஞ்சப்படும்.

கார்புரேட்டர் சற்று விளக்கத்துக்கு உரியது. மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் மிதவை ஒன்று இருந்து பெட்ரோல் மட்டத்தைக் காத்துவந்தது. மிதவை நேராக இருந்தால்தான் வேலை செய்யும். மரம் அறுப்பவரோ ரம்பத்தைப் பக்கவாட்டிலும் சாய்த்தும் பிடிக்கிறார். ஆகவே இதில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வுகள் இரண்டு உள்ளன. கிராங்க் அறையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும் அழுத்தம் முதல் சவ்வைத் துடிக்கச் செய்கிறது. அது சிறு பம்பாகிப் பெட்ரோலை இழுத்து வருகிறது. இரண்டாம் சவ்வின் ஒரு பக்கம் வளிமண்டல அழுத்தம். மறு பக்கம் பெட்ரோல். எஞ்சின் உறிஞ்சும்போது அந்தச் சவ்வு உள்வாங்கி, ஒரு நெம்புகோலை அழுத்தி, ஊசி வால்வைத் திறக்கிறது. தேவையான அளவு பெட்ரோல் வந்ததும் வால்வு மூடிக்கொள்கிறது.

உள்ளே வந்த பெட்ரோலைத் தெளிப்பது பெர்னூலி தத்துவம். கார்புரேட்டரின் நடுவில் காற்றின் பாதை குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்று விரைந்து செல்கிறது. விரைந்து செல்லும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அங்குள்ள நுண்ணிய துளை வழியே பெட்ரோல் தூவலாய் வெளிப்படுகிறது.

ஓராண்டு சும்மா கிடந்த ரம்பத்தில் என்ன நேரும்? மீந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்து, அந்தத் துளைகளை அடைக்கிறது. சவ்வுகள் விறைத்துப் போகின்றன. விறைத்த சவ்வு துடிக்காது. துடிக்காவிட்டால் பெட்ரோல் ஏறாது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சவ்வுகளை மாற்றுவதே இதற்கு மருந்து. வெளியே தெரியும் திருகுகளைத் திருப்புவதால் பயன் இல்லை. நேற்றுவரை சரியாக இருந்த திருகு இன்று தானாகத் திரும்பிவிடாது அல்லவா?

பிளக் நனைந்திருந்தால்

முதலில் மூழ்கலை நீக்க வேண்டும். சுவிட்சை நிறுத்த நிலையில் வைத்து, பிளக் துளை கீழ்நோக்கும்படி ரம்பத்தைச் சாய்த்து, கயிற்றைச் சில முறை இழுத்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறும். சிலிண்டரைக் காற்றாட விட்டு, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக்கைத் திறந்து வைத்து இழுக்க வேண்டும். பல நேரங்களில் இதுவே போதும்.

அப்போதும் கிளம்பவில்லை என்றால், பிளக்கில் 'கரண்டு' வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சின் உடலைத் தொடும்படி வைத்து, கயிற்றை இழுத்து இடைவெளியில் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இங்கேதான் விபத்து நேர்கிறது. சிலிண்டரிலிருந்து வெளியே தெளிக்கும் பெட்ரோல் ஆவி இந்தப் பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே மூழ்கலை நீக்கி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகு, பிளக் துளையிலிருந்து விலக்கி வைத்தே இதைச் செய்ய வேண்டும். பிளக்கைக் கையால் பிடிக்கவே கூடாது.

பேட்டரி இல்லாமல் பொறி எப்படி வருகிறது? 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் காரணம். எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை கம்பிச் சுருளைக் கடந்து செல்லும்போது சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழுகிறது. தூண்டப்படும் மின்னழுத்தம் காந்தப் பாயம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே கயிற்றை மெல்ல இழுத்தால் பொறி மெலியும். விரைந்து இழுத்தால் வலுக்கும். களைத்துப் போனவர் ஐம்பது முறை இழுப்பதைவிட, ஓய்வெடுத்தவர் ஐந்து முறை விரைந்து இழுப்பது மேல்.

பொறி வரவில்லை என்றால் முதலில் பிளக்கைச் சந்தேகியுங்கள். இடைவெளியில் கரி அடைத்திருக்கலாம். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆதலால் மின்சாரம் பொறியாகத் தாவாமல் கரியின் வழியே கசிந்துவிடும். நல்லதென்று தெரிந்த பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பொறி வந்தால் குற்றவாளி பழைய பிளக். வராவிட்டால் பிளக் விடுதலை. சுவிட்ச் கம்பியை அடுத்துப் பார்க்கலாம். அதுவும் சரியென்றால் சுருள்.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. வெளியே பொறி வந்தால் உள்ளேயும் வரும் என்று சொல்ல முடியாது. சங்கிலி ரம்பத்தின் பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.5 மி.மீ. சாதாரணக் காற்றில் இந்த இடைவெளியைத் தாவ 2,000 முதல் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் இறுகிய கலவையில் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே அதைப்போல் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வாயுவின் அழுத்தத்துக்கும் இடைவெளிக்கும் பொறி தாவும் மின்னழுத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1889-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்பியலறிஞர் பாஷன் வெளியிட்டார். நலிந்த சுருள் வெளியே பொறி காட்டி நம்மை ஏமாற்றிவிட்டு உள்ளே தோற்றுப்போவது இதனால்தான். வெளியே மெல்லிய, மஞ்சள் நிறப் பொறி தெரிந்தால் நம்பாதீர்கள். நீலநிறமாய்ச் சொடுக்கும் பொறியே நல்ல அறிகுறி.

இறுக்கம் இருக்கிறதா?

கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கை தடைபடுகிறதா? அந்தத் தடைதான் இறுக்கம். நல்ல நிலையில் உள்ள சங்கிலி ரம்பத்தில் இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 8 முதல் 12 மடங்கு வரை இருக்கும். இறுக்கம் கலவையைச் சூடாக்குகிறது. ஆவியையும் காற்றையும் நெருங்க வைக்கிறது. எரிந்த பின் விரிவதற்கு இடம் வைத்திருக்கிறது. தடையே இல்லாமல் கயிறு தாராளமாக வந்தால் பிளக் தளர்ந்திருக்கலாம். அதை முதலில் பாருங்கள். பிளக் இறுக்கமாக இருந்தும் தடை இல்லையென்றால், பிஸ்டனோ அதன் வளையங்களோ தேய்ந்துவிட்டன.

பிஸ்டன் காலத்தால் மட்டும் தேய்வதில்லை. இரு வீச்சு எஞ்சினின் கிராங்க் அறை வழியே கலவையே ஓடுவதால், அங்கே தனியாக எண்ணெய் நிரப்பி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் ஒரே மசகு. ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டரா, 40 மில்லிலிட்டரா என்பதை அந்தந்த இயந்திரத்தின் கையேடு சொல்லும். அவசரத்தில் யாரேனும் எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டால், சிறிது நேரத்தில் பிஸ்டன் சூடேறி, விரிந்து, சிலிண்டரைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும். நாம் பார்த்த மற்ற குறைகளைச் சாலையோரத்திலேயே சரிசெய்ய முயலலாம், இதை முடியாது.

கிளம்பி உடனே நின்றால்

கிளம்பிவிட்டது என்பதே பெரிய செய்தி: பொறியும் இறுக்கமும் அநேகமாகச் சரி. எரிபொருள் தொடர்ந்து வருகிறதா, காற்றும் புகையும் தடையின்றிப் போகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். மரத்தூள் அடைத்த காற்று வடிகட்டியும், சைலன்சரில் கரி படிந்த வலையும் எஞ்சினின் மூச்சைத் திணற வைக்கும்.

இன்னோர் இடம் உண்டு: தொட்டியின் காற்றுத் துளை. பெட்ரோல் வெளியேற வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளை அடைத்தால் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து மூடினால் மீண்டும் சிறிது நேரம் ஓடும், மறுபடியும் நிற்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மூவரும் எங்கே தவறினார்கள்? அவர்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் சாத்தியமானவையே. ஆனால் எதையும் சோதிக்காமலே மாற்றினார்கள். ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றினார்கள். பிளக், பெட்ரோல், திருகு மூன்றையும் மாற்றிய பின் எஞ்சின் கிளம்பினால், எதனால் கிளம்பியது என்று தெரியாது. கிளம்பாவிட்டால், பழைய குறையா புதிய குறையா என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பயன் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பு. கண்டதை எழுதி வை. ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் சொல்லும் அதே விதிதான்.

இந்த அறிவு முழுமையாகப் பயன்படுவது புயலுக்குப் பின் அன்று, புயலுக்கு முன்புதான். ரம்பத்தை எடுத்து வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் பிசின் படியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் புதிய பெட்ரோல் ஊற்றி ஒரு முறை இயக்கிப் பார்த்துவிட வேண்டும். உங்கள் ஊரில் தீயணைப்பு நிலையத்திலோ, ஊராட்சியிலோ, தோப்பு வைத்திருப்பவர் வீட்டிலோ இத்தகைய ரம்பம் இருந்தால், "கடைசியாக எப்போது ஓடியது?" என்று அக்டோபருக்கு முன் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு டம்ளர் நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றை நிறுத்துங்கள். அதன் மேல் முனை நீர் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கட்டும். இன்னொரு குழலால் அந்த முனைக்குக் குறுக்கே பலமாக ஊதுங்கள். நீர் மேலேறித் தூவலாகும். இதுவே கார்புரேட்டர்.

2. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஊசியால் துளையிட்டு நீர் நிரப்புங்கள். மூடியை இறுக மூடினால் ஒழுகல் நிற்கும்; தளர்த்தினால் ஒழுகும். இதுவே தொட்டியின் காற்றுத் துளை.

3. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து, கைப்பிடியை மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். எப்போது தடை அதிகம்? பம்பின் அடிப்பகுதி ஏன் சூடாகிறது?

சிந்தியுங்கள்

1. சிறுவன் இழுத்தால் கிளம்பாத எஞ்சின், பெரியவர் இழுத்தால் கிளம்புகிறது. இரண்டு காரணங்கள் கூறுக.

2. பிளக் உலர்ந்திருக்கிறது. மெக்கானிக் பிளக் துளையில் இரண்டு துளி பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுக்கிறார். எஞ்சின் 'டப் டப்' என்று இரண்டு மூன்று முறை ஓடி நிற்கிறது. எவை குற்றமற்றவை? எது குற்றவாளி?

விடைகள்

1. விரைந்து இழுத்தால் காந்தப் பாயம் வேகமாக மாறிப் பொறி வலுக்கிறது. மேலும், வளையங்களின் ஓரமாகக் கலவை கசிய நேரம் இல்லாததால் இறுக்கம் கூடுகிறது.

2. எஞ்சின் சில சுற்றுகள் ஓடியதால் பொறி, இறுக்கம், காற்று மூன்றும் குற்றமற்றவை. கையால் கொடுத்த பெட்ரோல் தீர்ந்ததும் நின்றதால், குறை தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள எரிபொருள் வழியில்தான். இரண்டே துளிகளில் நான்கு சந்தேகங்களில் மூன்று நீங்கின.